எஸ்தே, எஸே, அகேல்

சுற்றுலா வழிகாட்டிக்குப் பாதி வேலை, கையை நீட்டி இது, அது என்று சொல்வதுதான். என்னைப் போலவே அரைகுறை மொழியை வைத்துப் பிழைக்கும் சக வழிகாட்டிகளான உங்களுக்கு நான் பட்டது புரியும்.

செல்போனைப் பார்த்து ஸ்பானிஷ் கற்று, மூணாறில் அந்த மொழிக்காரர்களை அழைத்துப் போகிறேன். அதில் என் பக்கம் இருப்பது எஸ்தே, உங்கள் பக்கம் இருப்பது எஸே, இருவருக்கும் தள்ளி இருப்பது அகேல். பெண்பாலுக்கு எஸ்தா, எஸா, அகேயா.

பை

ஒரு வயதான தம்பதி. கணவரிடம், அவர் பக்கத்திலிருந்த பையை ஜீப்பில் வைக்கச் சொல்ல நினைத்தேன். எஸா என்பதற்குப் பதில் எஸ்தா என்றுவிட்டேன். அவர் என் காலடியில் இருந்த சோற்றுப்பையைத் தூக்கி வைத்தார். மனைவியின் மாத்திரைப்பை விடுதி வாசலிலேயே தங்கிவிட்டது.

பாதி மலை ஏறியபின் தெரிந்து திரும்பினோம். அவர்கள் ஆசைப்பட்ட சிகரத்தை அன்று மூடுபனி மூடிவிட்டது. அவர் கோபப்படவில்லை. "நீ காட்டியதைத்தான் எடுத்தேன்" என்றார்.

டிரைவர்

நம்மூரில் "இது எங்க அண்ணன்" என்று சாதாரணமாகச் சொல்வோம். அதே நினைப்பில், ஜீப் ஓட்டும் செல்வன் அண்ணனைக் காட்டி "எஸ்தோ" என்று அறிமுகம் செய்தேன். எஸ்தோ என்றால் பெயர் தெரியாத ஏதோ ஒரு பொருள்.  வண்டியிலிருந்த பயணி அம்மாள் ஒருவர் மெதுவாக, அவர் மனிதரல்லவா என்று என்னைத் திருத்தினார்.

அந்தம்மா என்ன சொல்றாங்க என்று அண்ணன் கேட்டார். வண்டி சுத்தமாக இருக்கிறதாம் என்று பொய் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நேத்துதான் கழுவுனேன், தங்கச்சி" என்றார்.

ஓடைக்கு அந்தப் பக்கம்

தேவிகுளம் சாலையில் வண்டியை நிறுத்தியிருந்தோம். ஓடைக்கு அந்தப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என் அம்மா, என்னைப் பார்த்துக் கை அசைத்தாள். யார் அது என்று வண்டியில் வந்த பயணிப் பெண் ஒருத்தி கேட்டாள். நான் கோயம்புத்தூரில் வளர்ந்தவள் என்று காலையில்தான் அவளிடம் பீற்றியிருந்தேன். "அகேயா" என்று தொடங்கி, அங்கே நிற்கும் அந்தப் பெண் ஒரு எஸ்டேட் தொழிலாளி, வருடம் முழுக்கக் கொழுந்து எடுப்பவர் என்று விளக்கினேன்.

சாயங்காலம் வீட்டில், என்னை யாரென்று சொன்னாய் என்று அம்மா கேட்டாள். அம்மா என்றுதான் சொன்னேன் என்றேன்.  "ஏட்டி, அந்தப் பாசையில அம்மாங்கறதுக்கு அவ்வளவு நீளமாவா சொல்லணும்?"

இந்த மூன்றிலும் நான் இலக்கணம் பிசகாமல் பேசியது அந்தக் கடைசித் தடவை மட்டும்தான்.