பஞ்சாட்சரம் எழுதிய ஜெபச் சீட்டு

சிவப்பு விழுந்ததும் பஞ்சாட்சரம் ஆட்டோவை அணைத்துவிட்டுப் பாதி உடம்பைப் பின்னால் திருப்புவார். "இன்னாம்மா, மூஞ்சி வாடிக் கெடக்குது?" முதல் சிக்னலில் கேள்வி மட்டும்தான். மாமியார் சண்டை, மகனின் அரியர்ஸ், வராத மாப்பிள்ளை, எது வந்தாலும் தலையாட்டிக் கேட்பார். இயேசு இரண்டாவது சிக்னலில்தான் வருவார். "ஏறுனவொடனே ஆரம்பிச்சேன்னு வெச்சிக்கோ நைனா, அடுத்த முக்குலயே எறங்கிடுவாங்க" என்று லஸ் முனை ஸ்டாண்டில் தொழில் ரகசியம் சொல்வார்.

வயது ஐம்பத்து நாலு. ஞானஸ்நானத்தில் பவுல் என்று பேர் வைத்தார்கள். ஆதார் அட்டையிலும் பெண்டாட்டி வாயிலும் இன்னும் பஞ்சாட்சரம்தான். கோவில் வாசலில் இறங்குகிறவர்களிடம் மட்டும் இயேசுவைப் பற்றி அச்சடித்த கைப்பிரதி நீட்ட மாட்டார். "அவங்க ஒரு வூட்டுக்கு விருந்துக்கு வந்துக்கீறாங்க. வாசல்ல நின்னு நம்ம வூட்டுக்கு வான்னு இஸ்க்கக் கூடாது."

சவாரி முடியும்போது மீட்டரைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார். "ஒங்களுக்காக ஜெபம் பண்ணட்டா? பேரு மட்டும் சொல்லுங்க." வேண்டாம் என்றவர்கள் குறைவு. இந்தத் திங்கட்கிழமைகூட வடக்கு மாட வீதி மாமி ஒருத்தி, "பண்ணேன், நேக்கென்ன போச்சு? முட்டி வலின்னு போட்டுக்கோ. மாட்டுப்பொண் சமாசாரத்தையும் சேத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதையெல்லாம் கைப்பிரதியின் பின்பக்கத்தில் எழுதி, பட்டினப்பாக்கத்தில் மாடிமேல் இருக்கும் அவருடைய சபையின் ஜெபப் பெட்டியில் போடுவார். பெட்டிக்குச் சின்னப் பூட்டு. சாவி பாஸ்டரம்மாவின் கைப்பையில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சீட்டாக மைக்கில் படிப்பார்கள், சபை ஆமென் சொல்லும். ஒருமுறை இவர் 'ஒரு அம்மாவுக்கு ரொம்பக் கஷ்டம்' என்று எழுதிப் போட்டார். பாஸ்டரம்மா பிடித்துக்கொண்டார். "எந்த அம்மா பிரதர், என்ன கஷ்டம்? வெவரமா எழுதுங்க. மொட்டக் கடுதாசி போடுறீங்களே." அன்றிலிருந்து பேர், தெரு, நோய், எல்லாம் விவரமாக எழுதுவார்.

அந்த விவரம்தான் இந்த வாரம் மாட்டிவைத்தது.

புதன்கிழமை அடையாறில் ஸ்கேன் எடுத்த ரூஹியைத் திரும்ப அழைத்து வந்தார். சபைக்கு எதிர்வீட்டு ஹாஜிரா பீயின் மகள். தி.நகர் ஜவுளிக்கடையில் பில் போடுகிற பெண், பேச்சில் இவரையே மடக்குவாள். "மாமா, ரெண்டாவது சிக்னல் வந்துடுச்சே. இன்னும் ஆரம்பிக்கல?" என்று சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகை வந்துவிட்டது. மார்பில் கட்டி. சதையை எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமாம். "அம்மிக்குத் தெரிய வேணாம் மாமா. ஞாயித்துக்கெழம ஷோயப் அண்ணன் நிக்காஹ். அது முடியட்டும். இப்பத் தெரிஞ்சா அவங்க ஒக்காந்துடுவாங்க, கல்யாணம் நின்னுடும்."

அன்றைக்கு அவர் இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இறக்கிவிடும்போது மட்டும் வழக்கமான கேள்வி. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பண்ணுங்க" என்றாள். எதிரே படியேறிப் போய், 'ரூஹி, எதிர்வீடு, மார்பில் கட்டி, அம்மாவுக்குத் தெரியாது' என்று எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை யாரோ ஒரு புண்ணியவான் சபைக்குப் புது ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தார். தெருவும் வசனம் கேட்கட்டும் என்று பாஸ்டரம்மா சொன்னார். ஏணி ஏறிக் கட்டியவர் பஞ்சாட்சரமேதான். சந்தோஷத்தில் பாடிக்கொண்டே, ஹாஜிரா பீ வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கட்டினார்.

வெள்ளிக்கிழமை நாலரை மணி. டீக்கடையில் பன்னைத் தொட்டு வாயில் வைக்கும்போது, "அல்லேலூயா, மைக் டெஸ்டிங்" என்று தெருவே அதிர்ந்தது. பன் டீக்குள் விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

மாடிக்கு ஓடினார். பாஸ்டரம்மாவைச் சுற்றி நாலு சகோதரிகள். அந்த நாலு பேர் காதில் விழுந்தால் ஸ்பீக்கரே தேவையில்லை.

"அம்மா, நான் போட்ட சீட்டு ஒண்ணு திருப்பி வோணும்."

"ஆண்டவருக்குப் போட்டதத் திருப்பிக் கேப்பீங்களா பிரதர்? எதுக்கு?"

எதற்கென்று சொன்னால் விஷயம் அங்கேயே வெளியாகிவிடும். பேச்சை மாற்றினார். "அப்போ ஸ்பீக்கரயாவது நிறுத்துங்கம்மா. தெருவுல கொயந்தைங்க படிச்சிக்கினு கீது."

"நீங்கதானே கட்டுனீங்க?" சகோதரிகள் சிரித்தார்கள்.

பால்கனிக்கு வந்தார். எதிர்வீட்டில் வேலூரிலிருந்து வந்த உறவு ஜனம் நிரம்பியிருந்தது. ஹாஜிரா பீ வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா பவுலு பாய், ஸ்பீக்கர்லாம் பலமா கீது. ஷோயப் பேரையும் சேத்துச் சொல்லச் சொல்லு. நான் இங்கயே ஒக்காந்து கேக்கறேன்." பக்கத்தில் நின்ற ரூஹி இவரைப் பார்த்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த வெங்காயத் தட்டு சாய்ந்தது.

இவர் திரும்பி உள்ளே போய் உட்கார்ந்தார்.

ஐந்து மணிக்குப் பெட்டி திறந்தது. சபை ஆட்கள் போடுவது வெள்ளைத்தாள், இவருடையது ரோஸ் கலர் கைப்பிரதி. ஒவ்வொரு வெள்ளைத்தாளுக்கும் ஆமென் சொன்னார், பாதிதான் வெளியே வந்தது. மனைத் தகராறு, ஆமென். குடிகாரப் புருஷன், ஆமென். முதல் ரோஸ் தாள் வந்தது. மாமியின் முட்டியும் மாட்டுப்பொண்ணும் தெரு முழுக்கப் போனார்கள். ஆமென். உட்கார்ந்த வாக்கிலேயே சுவரோரமாக, ஆம்ப்ளிஃபயர் பக்கம், கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார்.

பாஸ்டரம்மா அடுத்த ரோஸ் தாளை விரித்தார். "அடுத்த விண்ணப்பம், ஒரு சகோதரிக்காக..."

சத்தம் நின்றது. பாஸ்டரம்மா மைக்கைத் தட்டினார். "கரண்ட்டு போச்சா?" என்றார் யாரோ. தலைக்குமேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பாஸ்டரம்மா ஃபேனைப் பார்த்தார், சுவரோரம் பார்த்தார், பிறகு கையிலிருந்த சீட்டைக் கடைசி வரி வரைக்கும் மனதுக்குள் படித்தார். மடித்துப் பைபிளுக்குள் வைத்தார்.

பஞ்சாட்சரம் அதைப் பார்க்கவில்லை. பிடுங்கிய பிளக்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி முழங்காலில் இருந்தார். உதடு மட்டும் அசைந்தது.