ஈஸெல் டேட்டம் குரல் கொடுத்தால்

அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரத்தில், கறுப்பர்களான நாங்கள் வாழும் கிழக்குப் பக்கத்தில் ஈஸெல் டேட்டம் ஒருநாளும் மேடையேறிப் பேசியதில்லை. ஆனாலும் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பேச வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது அவரைத்தான். முன்வரிசையில் ஓர நாற்காலி நிறைய அந்தப் பெரிய உடம்பு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் மைக்கைக் கையில் எடுப்பார்கள்.

எல்லாம் அவருடைய குரலுக்காகத்தான். கார் கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். தகடு அடிக்கிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை, ரிட்டயர் ஆன பிறகும் இறங்கி வர மறுத்துவிட்டது. பேசுகிறவர் நல்லதாக ஒரு வரி சொல்லி மூச்சு வாங்கினால், "அப்படிப் போடு!" என்பார் டேட்டம். கூடம் முழுக்கக் கைதட்டும். பேசுகிறவர் தடுமாறினால், "நிதானமாச் சொல்லு, பேபி. நாங்க எங்கயும் ஓடிப் போகல" என்பார். எங்கள் கூட்டங்களில் வாயை மூடிக்கொண்டு கேட்பது மரியாதையே இல்லை. பேசுகிறவரை அந்தரத்தில் விட்டுவிட்டதாகத்தான் அர்த்தம்.

கூட்டம் நடப்பது முன்பு கார் ரிப்பேர் செய்த ஒரு ஷெட்டில். ஒரு வாரம் கருந்துளையைப் பற்றி. அடுத்த வாரம், ஓடிப்போன அடிமைகள் நட்சத்திரத்தைப் பார்த்து வடக்கே வழி பிடித்ததைப் பற்றி. இன்னொரு வாரம் மழைத்தண்ணீரைப் பீப்பாயில் பிடிப்பது, மட்கிய இலையில் உரம் செய்வது. நம்மைப் பற்றி அடுத்தவன் எழுதியதை நம்பாமல் நாமே யோசிக்கவேண்டும் என்று எங்கள் முன்னோர் வாதாடியதைப் பற்றி மாதத்துக்கு ஒரு பேச்சு கட்டாயம் இருக்கும். டேட்டத்துக்கு இதில் பிடித்தது, பிடிக்காதது என்று கிடையாது. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய் மனைவி ஈர்லினைக் குடைவார்.

"ஈர்லின், வெளிச்சமே தப்பிச்சு வெளிய வர முடியாத இடமாம். அதுக்குள்ள என்னதான் இருக்கும்?"

"உங்க கராஜ் மாதிரி இருக்கும், மிஸ்டர் டேட்டம். அதுக்குள்ள போனது எதுவும் திரும்பி வந்ததில்ல."

கல்யாணமான நாளிலிருந்து ஈர்லின் அவரை மிஸ்டர் டேட்டம் என்றுதான் கூப்பிடுகிறாள். அது மரியாதையா கிண்டலா என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது.

ஒரு வசந்த காலத்தில் ஜபாரி என்ற இளைஞன் பேச வந்தான். நல்ல பையன், நாக்கில் தேன். ஆப்பிரிக்காவில் நம் பாட்டன்மார் மண்ணை முகர்ந்து பார்த்தே அதன் குணத்தைச் சொன்னதில் ஆரம்பித்து, இடித்துத் தள்ளிய வீடுகளின் பழைய பெயிண்டில் இருந்த ஈயம் எங்கள் தெரு மண்ணில் படிந்து கிடப்பதற்கு வந்து சேர்ந்தான். "இதைச் சுத்தம் பண்ண வெள்ளைக்காரங்க மிஷின் நமக்கு எதுக்கு? ஒரே ஒரு கோடை சூரியகாந்தி போடுங்க! ஈயத்தை வேரோட உறிஞ்சி எடுத்துடும்! பூமி தன்னைத் தானே குணப்படுத்திக்கும்!" என்று கையை உயர்த்தினான்.

"அப்படிப் போடு!" என்றார் டேட்டம். எழுந்து நின்றே சொன்னார்.

அந்தக் கோடையில் கிழக்குப் பக்கம் முழுக்க மஞ்சள் பூத்தது. பார்க்கக் கண் கொள்ளவில்லை.

மறு வருஷம், கோடை முடியப்போகும் ஒரு மதியம், கீயோனா டேட்டத்தின் வீட்டுக் கதவைத் தட்டினாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கூட்டத்தில் எப்போதும் கடைசி வரிசையில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"மிஸ்டர் டேட்டம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஜபாரி சூரியகாந்தியைப் பத்திச் சொன்னப்ப நீங்க எழுந்து நின்னு 'அப்படிப் போடு'ன்னீங்க."

"ஆமா, சொன்னேன்."

"அது நெஜம்னு தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

அவரிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. "பையன் நல்லாப் பேசினான், பேபி. நல்லாப் பேசினா நான் குரல் குடுப்பேன். எல்லாருக்கும் குடுக்கிறதுதானே."

"எனக்கு அது தெரியல. இவ்வளவு கேட்ட மனுஷன், இவரே ஆமான்னுட்டாரு, அப்ப சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். எங்க பக்கத்து மனைல, எரிஞ்சு போன வீட்டை இடிச்ச எடத்துல, சூரியகாந்தி போட்டேன். வெட்டினேன். இந்த வருஷம் காலர்ட் கீரை போட்டேன். மண்ணு சுத்தமாயிடுச்சுன்னு சொல்லி என் பொண்ணை அதுல உக்கார வெச்சேன். மண்ணைத் தோண்டி விளையாட ஸ்பூனைக் கையில குடுத்து நானே உக்கார வெச்சேன். கிளினிக்ல ரத்தம் எடுத்தாங்க. மைலா ஒடம்புல ஈயம் ஏறியிருக்காம்."

மைலாவுக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை. ஈயம் அந்த வயதுக் குழந்தைக்கு என்ன செய்யும் என்று எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மூளையில் போய் உட்காரும். என்ன கெடுத்தது என்று வருஷங்கள் கழித்துத்தான் தெரியவரும்.

அவள் போன பிறகு டேட்டம் தட்டில் இருந்த சோள ரொட்டியைத் தொடவில்லை. வெட்கத்தில் காது மடல் சுட்டது. தன் வாயிலிருந்து வந்தது ஒரு சத்தம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். அதை ஒருத்தி சாட்சியாக எடுத்துக்கொண்டு, அதன்மேல் குழந்தையை உட்கார வைத்திருக்கிறாள். ஈர்லின் அன்றைக்கு மட்டும் கிண்டல் செய்யவில்லை.

"தலையைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்தா அந்தப் புள்ளைக்கு என்ன பிரயோசனம்? மண்ணுல என்ன இருக்குன்னு பாக்குறவங்களைக் கூட்டிட்டு வாங்க."

வெட்கத்துக்கு அடியில் இன்னொன்றும் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அந்த ஈயம் எங்கே போயிற்று? பூவுக்குள்ளா, தண்டுக்குள்ளா, இல்லை, அங்கேயே கிடக்கிறதா? இந்த நிலைமையிலும் இப்படி யோசிக்கிறோமே என்று தன்மேலேயே அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசிப்பதை நிறுத்த முடியவில்லை.

ரெனிட்டா ஹாலோவே என்று ஒரு பெண், பல்கலைக்கழகத்தில் மண் ஆராய்ச்சி செய்கிறவள், எங்கள் ஷெட்டில் முன்பு ஒருமுறை பேசியிருக்கிறாள். டேட்டம் கூப்பிட்டதும் வந்துவிட்டாள். துளை போடும் மிஷின் மாதிரி கைக்கு அடக்கமான ஒரு கருவியைக் கொண்டுவந்தாள். மண்ணில் வைத்து அழுத்தினால் எவ்வளவு ஈயம் என்று திரையில் எண் வரும். டேட்டம் ஜபாரியையும் போன் போட்டு வரவழைத்திருந்தார். அவன் வேலியோரமாக, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

முதலில் கீயோனாவின் பக்கத்து மனையில் சூரியகாந்தி நின்ற இடத்து மண். எண் எக்கச்சக்கம். டேட்டம் உடனே வேலிப் பக்கம் கையைக் காட்டினார். "அங்க சூரியகாந்தி போடவே இல்ல. அதையும் பாரும்மா."

ரெனிட்டா சிரித்துக்கொண்டே அங்கேயும் வைத்தாள். "நானும் அதைத்தான் பாக்க வந்தேன், மிஸ்டர் டேட்டம்." ஏறக்குறைய அதே எண்.

கீயோனா வீட்டு கராஜுக்குப் பின்னால் போன வருஷத்துத் தண்டுகள் காய்ந்து கிடந்தன. அதில் வைத்தாள். திரையில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வரவில்லை.

"அப்ப பூ குடிக்கவே இல்லையா?" என்றார் டேட்டம். நெஞ்சு கனத்திருந்தாலும் அந்தக் கேள்வி ஆர்வமாகத்தான் வந்தது.

"குடிக்கும். ஒரு துளி. ஈயம் லேசுல மண்ணை விட்டு நகராது. இந்த மனையைச் சுத்தம் பண்ணணும்னா மைலா பேரன் பேத்தி எடுக்கற வரைக்கும் சூரியகாந்தி போட்டுட்டே இருக்கணும்."

"அணு உலை வெடிச்ச எடத்துல சூரியகாந்தி விட்டாங்களே," என்றான் ஜபாரி, மெதுவாக. "நான் படிச்சேன்."

"அது குளத்துத் தண்ணி, தம்பி. உள்ள இருந்த விஷமும் வேற, ஈயம் இல்ல. ஒரு எடத்துல பலிச்சதை எடுத்து இன்னொரு எடத்துல ஒட்டிட்ட." பிறகு ரெனிட்டா கீயோனாவின் பக்கம் திரும்பினாள். "கீரை சாப்பிட்டதால ஏறியிருக்காது. எலைக்குள்ள ரொம்பப் போகாது. தூசிதான். கையில ஒட்டின மண்ணு வாய்க்குப் போயிருக்கும்."

கீயோனா மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜபாரி இரண்டடி முன்னால் வந்தான். "சிஸ்டர், நான் வேணும்னு..."

"மன்னிப்பெல்லாம் அப்புறம் கேளு. உன்கிட்ட லாரி இருக்குல்ல? போய் மரத்தூள் அள்ளிட்டு வா. நல்ல உரம் எங்க கெடைக்குதோ அங்கிருந்து அதையும் கொண்டா," என்றாள் கீயோனா.

போனான். திரும்பத் திரும்பப் போனான். வெறும் மண் கண்ணில் படாதபடி மனை முழுக்க அட்டையை விரித்து அதன்மேல் மரத்தூளைக் கொட்டினார்கள். அடிமண் மேலே வராதபடி துணி விரித்து, கீரை போடுவதற்குப் பலகையில் பெட்டி அடித்துப் புது மட்கு உரத்தை நிரப்பினார்கள். டேட்டம் ஆணி அடித்தார். மைலா வாசல்படியில் செருப்போடு உட்கார்ந்து, தன்னை ஏன் கீழே விடவில்லை என்று எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் சனிக்கிழமைகளில் டேட்டம் வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டார். வருவார், ஓர நாற்காலியில் உட்காருவார், ஒரு "ம்ம்" கூடக் கிடையாது. காளான் வளர்ப்பைப் பற்றிப் பேச வந்தவர் அவரையே பார்த்துப் பார்த்து, பாதியிலேயே முடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். கூடமே களையிழந்து போயிற்று.

"பாவம், அந்த மனுஷனுக்கு வேர்த்து ஊத்திடுச்சு," என்றாள் ஈர்லின், வீடு திரும்பும்போது. "என்ன தப்பு பண்ணினோம்னு வீட்டுக்குப் போய் அழுதிருப்பாரு."

"அவர் சொல்றது நெஜமா பொய்யான்னு எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு நான் எப்படிக் குரல் குடுக்கறது?"

"தெரியலைன்னா கேளுங்க. கேள்வி கேட்டே என் உயிரை வாங்குறீங்க. அங்க போய் மட்டும் வாய்க்குப் பூட்டு எதுக்கு?"

டேட்டம் வழி முழுக்க உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தார்.

பனிக்காலம் தொடங்குகிற நேரத்தில் பேச வந்தவள் கீயோனா. மைலாவின் அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈயம் கொஞ்சம் இறங்கியிருந்தது. போதுமான அளவுக்கு இல்லை. இனிமேலும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றார்கள். "நான் பேசணும், இதை எல்லாரும் கேக்கணும்" என்று கீயோனாவே கேட்டு வாங்கிக்கொண்ட சனிக்கிழமை அது. நாற்காலி போட்டவன் ஜபாரி. கூட்டம் சுவரோரம் வரை நின்றது. பாதிப் பேர் வீட்டில் சூரியகாந்தி பூத்த மண் இருக்கிறதே.

பஸ்ஸுக்குள் அத்தனை பிள்ளைகளையும் ஒரே அதட்டலில் அடக்குகிறவள், மைக்கில் முணுமுணுப்பாகத்தான் ஆரம்பித்தாள். "என் பேரு கீயோனா. உங்களுக்கு என்னைத் தெரியும்," என்றாள். "நம்ம மண்ணுல ஈயம் இருக்கு. சூரியகாந்தி அதை எடுக்காது."

அதோடு நின்றுவிட்டாள். அவள் பார்வை முன்வரிசைக்கு வந்தது. கூடம் மொத்தமும் அவள் பார்த்த இடத்தைப் பார்த்தது. தன்னால்தான் அவள் அந்தரத்தில் நிற்கிறாள் என்று டேட்டத்துக்குப் புரிந்தது. பழைய வார்த்தை தொண்டை வரை வந்தது. அதை விழுங்கினார். கருவி, வேலியோரத்து மண், காய்ந்த தண்டு, எல்லாவற்றையும் இவள் வாயாலேயே இவர்கள் கேட்கவேண்டும் என்று நினைத்தார்.

"உனக்கு எப்படித் தெரியும், சிஸ்டர்?" என்றார்.

குரல் பழைய குரல்தான். அதே கனம், அதே பிரியம். ஆனால் பேசுகிறவரைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியை அந்த ஷெட்டில் யாரும் கேட்டதில்லை. பின்னால் யாரோ "ஏய்!" என்றார்கள். ஈர்லின் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கீயோனா மைக்கை வாய்க்கு நெருக்கமாகப் பிடித்தாள்.

"என் பொண்ணு ரத்தத்துல இருந்து தெரியும், மிஸ்டர் டேட்டம்."

டேட்டத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. கேட்டது அவர்தான், பதிலை வாங்கிக்கொள்ள வேண்டியவரும் அவர்தான்.

"சொல்லும்மா," என்றார். "எல்லாத்தையும் சொல்லு. கேக்குறேன்."