‘முன்’ படத்துக்கு என் மூஞ்சி இல்லை

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் நான். ஆனாலும் பூகோளப் பாடம் முழுக்க என் மூஞ்சியில் இருக்கிறது. தாடையில் பெரிதாக ஒரு வெண்புள்ளி, அதற்குக் கீழே கழுத்தில் இலங்கை மாதிரி இன்னொன்று. கையில் அங்கங்கே தீவுகள்.

சின்ன வயதில் இதைப் போக்க, கார்போக அரிசியை அரைத்துப் பூசி என்னை வெயிலில் உட்கார வைத்தார்கள். பெயர்தான் அரிசி, பொங்கித் தின்ன முடியாது. கறுப்பான, கசப்பான விதை. தோல் கொப்பளித்ததுதான் மிச்சம். புள்ளி அப்படியே இருந்தது, கூடவே தழும்பில் ஒரு வேலியும் போட்டுக்கொண்டது.

அதே விதைதான் இப்போது எனக்குச் சோறு போடுகிறது. தச்சநல்லூரில் ஒரு அண்ணாச்சியின் கடையில் அதைப் புடைத்து, இடித்து, எண்ணெயில் ஊறப்போட்டு, வடித்து, விரல் நீளக் குப்பிகளில் அடைக்கிறேன். முகச் சுருக்கத்துக்கு நல்லது என்று பெண்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். என்னைப் பொசுக்கிய விதைக்கு இன்றைக்குத் தங்க நிறத்தில் மூடி!

முன்பெல்லாம் ஆள் வந்தால் அண்ணாச்சி கண்ணைக் காட்டுவார். நான் சாக்குத் திரைக்குப் பின்னால் போய்விட வேண்டும்.

“அழகு விக்கிற எடத்துல நீ நின்னா எப்படிலே?”

சிரித்துக்கொண்டே போவேன். நாடகத்தில் ராஜா வேஷம்கூடத் திரைக்குப் பின்னால்தானே நிற்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

போன மாதம் அவரே திரையை விலக்கினார். கையில் செல்போன்.

“ஏலே, இங்கன வெளிச்சத்துல வா. படம் எடுக்கணும்.”

“என்னையவா? போன் கண்ணாடி ஒடஞ்சிரும் அண்ணாச்சி.”

“வெளையாடாதலே. வெளம்பரத்துக்கு. இது ‘முன்’. கம்ப்யூட்டர்ல வெள்ளைய அழிச்சு ‘பின்’னுன்னு பக்கத்துல போட்டிருவோம்.”

“கம்ப்யூட்டர்ல அழியுதுன்னா அதையே குப்பியில அடைச்சு வித்திரலாமே. வெதை எதுக்கு?”

அவர் சிரிக்கவில்லை. “சம்பளம் கூட்டித் தாரேன்” என்றார்.

வழக்கமாக இந்த இடத்தில் இன்னொரு கிண்டல் பண்ணிவிட்டுத் தலையாட்டியிருப்பேன். அன்றைக்கு நினைப்பு வேறு பக்கம் போனது. எங்கேயோ என்னை மாதிரி ஒரு பிள்ளை இருக்கும். அதன் அம்மா இந்தப் படத்தைப் பார்ப்பாள். குப்பியை வாங்கிப் பூசி, பிள்ளையை வெயிலில் உட்கார வைப்பாள்.

“மாட்டேன்.”

“என்னலே மாட்டேன்?”

“இது முன்னும் இல்ல, பின்னும் இல்ல. இதான் மூஞ்சி. இத்தன நாளும் ஒளிச்சு வச்சிய, சிரிச்சுக்கிட்டே போனேன். பொய் சொல்லுததுக்கு மட்டும் வெளிய கூப்பிடுதியளோ?”

“அப்போ நாளைக்கு வேலைக்கு வராத.”

“வருவேன் அண்ணாச்சி. முன்வாசல் வழியாவே வருவேன்.”

வந்தேன். முதல் வேலையாகத் திரையைக் கழற்றி, வாசலில் விரித்து, அதன்மேல் விதையைக் கொட்டிப் புடைத்தேன். அண்ணாச்சி முறைத்தார், தள்ளிவிட எழுந்திருக்கவில்லை. அந்தத் தூசியில் தும்மிச் சாக வேறு ஆள் அவருக்குச் சிக்கவில்லை.

ஒரு அம்மா வந்தாள். குப்பியைப் பார்த்தாள், என் தாடையைப் பார்த்தாள்.

“இதப் போட்டா இந்த வெள்ளை போயிருமா?”

அண்ணாச்சி என்னையே பார்த்தார்.

“போகாது தாயி. இது சுருக்கத்துக்கு. அதுவும் ராத்திரி பூசிட்டுக் காலைல கழுவிரணும், வெயில் ஆகாது. இந்த வெள்ளை எங்கூடயேதான் இருக்கும், நானும் இங்கனதான் இருப்பேன்.”

அவள் சிரித்துவிட்டுக் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாங்கட்டும், வாங்காமல் போகட்டும். நான் வெளிச்சத்தை விட்டு நகரவில்லை.