வரிசையின் கடைசியில் நோலீன்

நோலீன் பிரூவெட்டுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். பக்கத்தில் இருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க எங்கள் ஊர் நூலகத்தில் வேலை பார்த்த நான் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆறு எங்கள் ஊரில் பெரிதாக ஒரு வளைவு எடுத்துத் திரும்புகிறது. வளைவின் உட்பக்கம், சிவப்பு யூகலிப்டஸ் மரங்களின் நிழலில், நோலீனுடைய துறை. விடுமுறைக்கு வருபவர்களுக்கு அவர் வாடகைக்கு விடும் இரண்டு வீட்டுப் படகுகளும் அங்கேதான் கட்டிக் கிடக்கும். இரண்டையும் அவரும் புருஷன் டெஸ்ஸும் சேர்ந்து தங்கள் கையாலேயே செய்தார்கள். பிறகு டெஸ் இன்னொருத்தியோடு குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டான். "படகை விட்டுட்டுப் போனான்னா நல்ல மனசுன்னு நினைக்காத. கார் மேல கட்ட முடியல, அவ்வளவுதான்" என்பார் நோலீன்.

படகுத் தொழிலுக்கு முன்னால் அவர் ஆரஞ்சு பொட்டலம் கட்டும் கொட்டகையில் வேலை பார்த்தவர். மணிக்கட்டு இரண்டும் போனது அங்கேதான். ஈஸ்டர் விடுமுறைக்குப் படகுகளுக்கு ஆள் வராவிட்டால் மறுபடி அந்தக் கொட்டகைதான். துறை மெர்வ் டக்வெல்லுக்குப் போய்விடும். மெர்வ் எட்டுப் படகு வைத்திருப்பவர், புல்தரையில் பந்து உருட்டும் பௌல்ஸ் கிளப்பின் தலைவர், அந்த நிழலான துறைமேல் வெகுகாலமாகக் கண் வைத்திருந்தவர். "அவசரமே இல்லம்மா, ஈஸ்டர் வரைக்கும் பாரு. முடியலன்னா சொல்லு, நானே வாங்கிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

அடிலெய்டு நகரத்துக்காரர்கள் முன்பெல்லாம் சுற்றுலா அலுவலகத்தின் துண்டுப் பிரசுரத்தைப் பார்த்துத் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். இப்போது எல்லோரும் கணினியில் தேடுகிறார்கள். போட்டோக் கடைப் பெண் நோலீனுக்கு ஒரு வலைத்தளம் செய்து கொடுத்தாள். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் தேடுபொறியில் எங்கள் ஆற்றின் பெயரைப் போட்டால் மெர்வின் எட்டுப் படகுகள் வந்தன. நோலீனுடைய இரண்டும் வரவேயில்லை.

இணைய வழிகாட்டி ஒன்று இருந்தது. உலகத்து வலைத்தளங்களையெல்லாம் ஊர்வாரியாக, தொழில்வாரியாகப் பிரித்து அடுக்கி வைத்திருந்தது. அதில் பெயர் ஏறிவிட்டால் தேடுபொறிகள் தாமாகவே அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஏறுவதற்கு ஒரு படிவம் நிரப்பினால் போதும். யாரோ ஒரு தன்னார்வத் தொகுப்பாளர் வந்து தளத்தைப் பார்த்து, சரியென்றால் சேர்ப்பார்.

நூலகத்தில்தான் ஊருக்கெல்லாம் இணையம். திங்கட்கிழமைதோறும் நோலீன் வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து படிவத்தை நிரப்புவார். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்துவார். போன வாரம் நிரப்பியதையே இந்த வாரமும்.

"போன வாரமே அனுப்பிட்டீங்களே" என்று ஒருமுறை கேட்டேன்.

"தம்பி, எங்க தெருவுக்கு விளக்கு எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? கவுன்சில் ஆபீசுக்கு வாராவாரம் போய் அந்த ஆளு மேசை முன்னால நின்னேன். என்னைப் பாக்க முடியாமத்தான் போட்டுக் குடுத்தான். கேக்கலன்னா மறந்துடுவானுங்க."

எங்கள் ஊரில் அது உண்மைதான். குப்பை வண்டியோ, படித்துறைப் பலகையோ, எதுவும் வேறு வழியில் நடந்ததில்லை. அதனால் நானும் சும்மா இருந்தேன்.

மார்ச்சில் எங்கள் பக்கத்து இலையுதிர்காலம் தொடங்கியது. ஈஸ்டர் நெருங்கியது. ஒரு திங்கட்கிழமை, அவர் குத்திக்கொண்டிருக்கையில், நான் என் திரையில் வழிகாட்டியின் எங்கள் ஆற்றுப் பக்கத்தைத் திறந்து கடைசிவரை இறக்கிப் பார்த்தேன். அடியில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு வரி: இப்பகுதியின் தொகுப்பாளர், மெர்வ் டக்வெல். பக்கத்தின் தலையில், சிறந்தது என்ற நட்சத்திரக் குறியோடு இருந்ததும் மெர்வின் தளமே.

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

நோலீன் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை என்கிட்ட குலுக்கல் சீட்டு விக்கிறான்" என்றார். எனக்குப் பாதிதான் கேட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளப்பில் இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்துக் குலுக்கல். ஊரில் பாதி அங்கே இருக்கும். மெர்வ் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு எண்களை வாசித்துக்கொண்டிருந்தார். நோலீனுக்குச் சீட்டு விழவில்லை. ஆனாலும் எழுந்து போய், ஆட்டுத் தொடைகளும் தொத்திறைச்சியும் அடுக்கிய மேசைக்கு முன்னால் நின்றார்.

"உன் நம்பர் வரலியே நோலீன்" என்றார் மெர்வ். கூட்டம் சிரித்தது.

"எத்தனை மாசமா வரல, மெர்வ்? அந்த வழிகாட்டியில?"

மெர்வ் ஒலிவாங்கியைக் கீழே இறக்கினார். அணைக்க மறந்துவிட்டார். அதனால் நோலீனின் இறங்கிய குரல்கூடச் சமையலறைவரை கேட்டது.

"ஓ, அதுவா. நான் ஒண்ணும் தப்பு பண்ணலம்மா. அங்க ஒரு விதி இருக்கு. மறுபடி அனுப்பினா பழைய தேதி போயிடும், புதுத் தேதி விழும். வரிசையில கடைசிக்குப் போயிடுவே. நீ வாராவாரம் அனுப்பினே. வாராவாரம் கடைசிக்குப் போனே. நான் வரிசையோட முன்பக்கத்துல இருந்துதான் ஒவ்வொண்ணா பாத்துட்டு வரேன். உன் முறை வரவே இல்ல."

"நான் அனுப்பறது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"வாராவாரம் இதே எடத்துல என்னைப் பாத்தே. என் பீரை எடுத்துக் குடுத்தே. 'அனுப்பாத நோலீன், சும்மா இரு'ன்னு சொல்ல உனக்கு எத்தனை வார்த்தை வேணும்?"

"தொகுப்பாளர் தனிப்பட்ட முறையில பேசக்கூடாதுன்னு..."

"உன் படகுக்கு நட்சத்திரம் குத்திக்கலாம்னும் அந்த விதியில இருக்கா?"

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. மதுக்கூடத்தில் நின்ற பெவ் ஹாஸ்கின், கிளப்பின் செயலாளர், அங்கிருந்தே சொன்னார்: "போட்டுத் தொலை மெர்வ். வெளியில வச்ச தொடைக்கறி சூடாகிக் கெடுது."

"சரி சரி. திங்கட்கிழமை போடறேன்" என்றார் மெர்வ்.

போட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்றுதான் ஊரில் பேச்சு. திங்கள் மதியம் நோலீனும் நானும் பக்கத்தைத் திறந்தோம். அவர் தளத்தின் பெயர் இருந்தது. கீழே விவரம். படிவத்தில் நோலீன் எழுதியனுப்பியது, மரநிழல், பெலிகன் பறவைகள், மேல்தளத்தில் காலை உணவு என்று ஒரு பத்தி. எந்த விவரத்தையும் திருத்தி எழுதத் தொகுப்பாளருக்கு உரிமை உண்டு. மெர்வ் எழுதியிருந்தது இது: 'இரண்டு பழைய படகுகள். எளிய வசதிகள் மட்டும்.'

"இதை மாத்த என்ன பண்ணணும்?" என்று கேட்டார் நோலீன்.

திருத்தக் கோரிக்கைக்கு ஒரு படிவம் இருந்தது. அது யாரிடம் போகும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் படிவத்தைத் திறந்தார், சில எழுத்துக்களைக் குத்தினார், அழித்தார். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். பிறகு எழுந்து, நாற்காலியை மேசையில் இடிக்கும்படி தள்ளிவிட்டு, வெளியே போனார். மேசை மேலிருந்த பென்சில்கள் உருண்டன. நான் குனிந்து பொறுக்கினேன். அந்த இரண்டு வாக்கியங்களில் பொய் என்று சுட்டிக் காட்ட ஒரு சொல் கிடையாது. படகுகள் பழையவைதான்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் துறைப் பக்கம் போனேன். நோலீன் முதல் படகின் தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே மெத்தை விரிப்புகள் புதிதாக இருந்தன.

"ஆள் வராங்களா?"

"ரெண்டுக்கும் வராங்க. அடிலெய்டுல இருந்து ஒரு டீச்சர் கூப்பிட்டா. 'பழசுன்னு போட்டிருக்கே, நெஜமாவே பழசா? மேல நட்சத்திரம் போட்ட அந்த ஓட்டல் மாதிரி படகு எங்களுக்கு வேணாம்'னு கேட்டா. அடுத்த படகுக்குக் கூப்பிட்டவங்களும் கேட்டது இதே கேள்வி. பழசான்னு."

"அப்போ துறை?"

"துறை எங்கயும் போகல. மெர்வுக்குச் சொல்லிட்டேன்."

நல்ல செய்திதானே என்று என் முகம் காட்டியிருக்க வேண்டும். நோலீன் துடைப்பத்தை வாளிக்குள் எறிந்தார். தண்ணீர் என் செருப்பு வரைக்கும் தெறித்தது.

"நான் ஒரு பத்தி எழுதினேன் தம்பி. ராத்திரியெல்லாம் யோசிச்சு எழுதினேன். அவங்க யாரும் அதுக்கு வரல. அவன் என்னை மட்டம் தட்ட எழுதினதுக்கு வராங்க. இனிமே நான் இந்தப் படகுல எவ்வளவு சோறு போட்டாலும் அவன் வார்த்தையிலதான் போடறேன்." குரல் இன்னும் இறங்கியது. "அது எனக்கு ஆறல. ஆறவும் வேணாம்."

வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது படகைக் கழுவப் போனார்.