எடுத்துவிட்ட ரெசிஸ்டர்

சிம்பாங் அம்பாட் தொழிற்சாலை ஒன்றில் பவர் சப்ளை டிசைன் செய்பவள் நான். பிளக்கைப் பிடுங்கினால் கரண்ட் செத்துவிடும் என்று நம்புகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று டெக்னீஷியன் அண்ணன் என் புதிய போர்டில் விரல் வைக்கப் போனார்.

"தொடாதீங்க!" என்று கத்தினேன்.

"பிளக்கப் பிடுங்கியாச்சுலா."

மீட்டரை வைத்துக் காட்டினேன். கரண்டைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் இன்னும் முந்நூறு வோல்ட் நின்றது. அவர் முகம் வெளுத்தது. தேங்கியதை வடியவிடும் ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. சும்மா இருக்கும்போதும் கரண்டைத் தின்கிறதென்று போன வாரம்தான் அது எடுக்கப்பட்டிருந்தது.

"எந்த மடையன்லா இத எடுத்தான்?"

மீட்டரில் எண் இறங்கவே இல்லை.

"மடையன் இல்லண்ணே," என்றேன். "மடச்சி."