தண்ணீர்த் தாங்கியில் குந்தியிருந்த ஆண்கள்

சதை இலையான்களில், அதாவது அழுகலில் புழு போடும் ஈக்களில், புதிய இனங்களை விவரிக்க வந்திருப்பவர்கள் முதலில் இதைப் படியுங்கள். பெயர் வாங்கலாம் என்று வந்திருந்தால் வேறு வேலை பாருங்கள்.

எல்லாம் சாம்பல் நிறம், முதுகில் மூன்று கறுப்புக் கோடு. பத்து இனங்களை ஒரே பெட்டியில் போட்டால் வெறும் கண்ணால் பிரிக்க முடியாது. ஆணின் வால் நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்பை வெளியே இழுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். புதிய இனம் என்று நான் நம்பியதில் என்னிடம் ஒரே ஓர் ஆண்தான் இருந்தது. காய்ந்த பூச்சியை ஈரப்படுத்தி இளக்காமல் அவசரத்தில் ஊசியை வைத்தேன். உறுப்பின் நுனி உடைந்து பறந்தது. மேசைக்குக் கீழே தவழ்ந்து தேடியும் கிடைக்கவில்லை. முழுக்க என் பிழை. நுனி இல்லாததை ஹோலோடைப்பாக, அதாவது இனத்தின் பெயருக்கு ஆதாரமான மாதிரியாக, வைத்து எழுதினால் சஞ்சிகையில் திருப்பி அனுப்புவார்கள். இன்னோர் ஆண் வேண்டும். இல்லையென்றால் மூன்று வருட வேலை குப்பை.

வெள்ளவத்தையில் என் ஃபிளாட் பல்கனியில் அழுகிய சூரை மீனை வைத்துப் பிடித்தேன். அழுகலில் புழு போட வந்த பெண்கள்தான் விழுந்தன. ஆறு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் ஃபிளாட் கமிட்டிச் செயலாளர் சிவபாதம் கதவைத் தட்டினார்.

"மிஸ், உங்கட மீன் நாத்தம் லிஃப்டுக்குள்ளயும் வருது. சனம் என்னைப் பேசுது."

"ஜன்னலைப் பூட்டச் சொல்லுங்கோ."

"பூட்டினா வேர்க்குது! மொட்டைமாடியிலயும் இலையான். காலமையில தண்ணித் தாங்கிக்கு மேல வந்து குந்துது. கலைச்சா ஒரு சுத்துச் சுத்திப்போட்டு அதே இடத்தில வந்து குந்துது, வாடகை குடுத்த மாதிரி!"

கதவைச் சாத்தப் போனவள் நின்றுவிட்டேன். ஆண் இலையான்கள் உயரமான இடத்தில் பெண்ணுக்காகக் காத்திருக்கும், மலை உச்சியில் தேடு என்று படித்திருக்கிறேன். கொழும்பில் மலைக்கு எங்கே போவது என்று விட்டுவிட்டேன். ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சி என் தலைக்கு மேலேயே இருந்தது.

"மொட்டைமாடிக் கதவுத் திறப்பைத் தாங்கோ."

"மீனை எறியுங்கோ, தாறன்."

எறிந்தேன். அடுத்த நாள் காலை வலையோடு இருவரும் ஏறினோம். முதல் வீச்சு தவறியது. அவருக்கு ஒரே சிரிப்பு.

"ஒரு இலையான் பிடிக்கத் தெரியாதோ? இவ்வளவு காலமும் என்னத்தைப் படிச்சனீங்கள்?"

"வாயை மூடிக்கொண்டு நிழல் விழாம நில்லுங்கோ."

ஒன்பது பிடித்தேன். ஒன்பதும் ஆண். உடல் இளகி இருக்கும்போதே, அன்றைக்கே உறுப்புகளை இழுத்துப் பார்த்தேன். நான்கில், உடைந்த ஆணில் மீதியிருந்த அதே வளைவு. இம்முறை நுனியும் இருந்தது.

கட்டுரை வெளிவந்ததும் சிவபாதம் கேட்டார்: "என்ர பேரையோ வைச்சனீங்கள்?"

"இல்லை. நன்றி சொன்ன இடத்தில போட்டிருக்கிறன்."

"அது காணும். இலையானுக்கு என்ர பேரெண்டா மனுசி வீட்டுக்க விடமாட்டா."

முறைப்பாட்டோடு வருகிறவர் மீது பாயாதீர்கள். எந்த இடம், எத்தனை மணி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இலையானை விரட்டுகிறவர் அதை உங்களைவிட அதிக நேரம் பார்த்திருப்பார்.