டிஃபரன்ட்டுக்குப் பின்னால் என்ன வரும்

அனுமந்தன்பட்டி கர்ணன் எதையும் லேசில் நம்பமாட்டார். போர்டைப் படித்துவிட்டுப் பஸ் ஏறினாலும், "கம்பம்தான போகுது?" என்று கண்டக்டரிடம் கேட்பார். மனைவி பவுனு கடையில் வாங்கிய சீனியை வீட்டுத் தராசில் இன்னொருமுறை நிறுப்பார்.

உத்தமபாளையம் டுடோரியலில் அவர் இங்கிலீஷ் வாத்தியார். "அவன் மேல கோபம்னு தமிழ்ல நெனச்சு ‘ஆங்ரி ஆன்’னு எழுதுவீக. அங்கனதான் ஏமாறுவீக. ‘ஆங்ரி வித்’!" என்று மேசையைத் தட்டுவார். டிஃபரன்ட் என்றால் ஃப்ரம். வேறெது வந்தாலும் சிவப்பு மை.

2004-இல் சென்னை கால்சென்டர் வேலையை விட்டுவிட்டு சினேகா அங்கே ஆசிரியையாகச் சேர்ந்தாள். ஒருநாள் தட்டிக்கு அந்தப்பக்கம் அவள் பாடம் நடத்தும் குரல் கேட்டது: "டிஃபரன்ட் டு."

கர்ணனுக்குச் சுருக்கென்றது. பட்டம் வாங்கியவள் இப்படிச் சொல்வாளா? நேராக முதலாளி பாண்டியராஜனிடம் போனார். "அந்தப் பிள்ள ‘டிஃபரன்ட் டு’ன்னு நடத்துது. சர்ட்டிபிகேட்டை நல்லாப் பாத்தீகளா? போலியா இருக்கப்போகுது."

முதலாளி பயந்துவிட்டார். கர்ணன் சொன்னதைச் சொல்லி, பல்கலைக்கழகத்திலிருந்து உறுதி வரும்வரை வகுப்புக்கு வரவேண்டாம் என்று சினேகாவிடம் சொல்லிவிட்டார். படியிறங்கும்போது அவள் கர்ணனைப் பார்த்தாள். "டிக்ஷனரியப் பாத்துட்டு சொல்லியிருக்கலாம் சார்."

அந்தப் பேச்சு முள்ளாய்க் குத்தியது. கடைவீதியில் புது டிக்ஷனரி ஒன்றைப் புரட்டினார். ஃப்ரம்தான் அதிகம், இங்கிலாந்தில் டு-வும் சொல்வார்கள், அமெரிக்காவில் ‘தேன்’ (than) கூட உண்டு என்று போட்டிருந்தது. திருட்டுப் பதிப்பாக இருக்குமோ? மதுரைக்கே போய்ப் பெரிய கடையில் கேட்டு வாங்கிப் பார்த்தார். அங்கேயும் அதேதான்.

"அப்ப அந்தப் பிள்ள சொன்னது சரிதானா?" என்றாள் பவுனு.

"சரிதான்."

"பொறகு ஏன் இங்கன உக்காந்திருக்கீக?"

முதலாளியிடம் போய்ச் சொன்னார். சினேகாவின் வீட்டுக்கும் போனார். வாசலிலேயே நின்று, "தப்பு எம்மேலதாம்மா. திரும்ப வாங்க" என்றார். அவள் உள்ளே கூப்பிடவில்லை. "சர்ட்டிபிகேட் சரின்னு பேப்பர் வரட்டும் சார். அது கையில இல்லாம அங்க கால் வைக்கமாட்டேன்" என்றாள்.

உறுதி வந்ததும் அவள் திரும்பினாள். அந்த வருஷம் முழுக்க அவரோடு பேசவில்லை.

கர்ணன் டு-வைச் சுழிப்பதை நிறுத்திவிட்டார். ஆனாலும் பிள்ளைகளிடம் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "ரெண்டும் சரிதான். ஆனா பேப்பர் திருத்துறவருக்கு அது தெரியுமோ என்னவோ, யாரு கண்டா? ஃப்ரம்னே எழுதிருங்க."